ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'ப்ளூஸ்': ஒரு நொட்டாங்கைக்காரனின் விமர்சனம்

ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு போட்டோதான் ஞாபகம் வரும். 1967 ஜூன் மாதம், கலிஃபோர்னியாவில் மான்டரே இசைவிழா. மேடையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். முன்னால் கிடார் எரிந்துகொண்டிருக்கிறது. இரண்டு கை விரல்களையும் ஆட்டி, தீயை இன்னும் மேலே எழும்பி வரச் சொல்வது போல ஒரு பாவனை. கழுத்தில் துண்டு, நெற்றியில் பட்டை, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் சட்டை. இந்த மனிதர் பல்லால் கிடார் வாசிப்பார், முதுகுக்குப் பின்னால் வைத்து வாசிப்பார், கால்களுக்கு நடுவே விட்டு வாசிப்பார். சங்கீதம் தெரியாதவர்களுக்கும் இவ்வளவு தெரியும்.

1994-ல் வெளிவந்த 'ப்ளூஸ்' என்ற இந்தத் தொகுப்பு, அந்த போட்டோவை அழிப்பதற்கென்றே தயாரானது மாதிரி இருக்கும். தீ கிடையாது, வித்தை கிடையாது, ஹிட் பாட்டுகளும் கிடையாது. மொத்தம் 11 பதிவுகள், எழுபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லாமே ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை), அல்லது ப்ளூஸுக்கு ரொம்பப் பக்கத்து உறவு. "பாருங்கள், இவர் வெறும் வித்தைக்காரர் இல்லை, உள்ளுக்குள் ஒரு சுத்தமான ப்ளூஸ்காரர்" என்று நிரூபிப்பதுதான் தயாரிப்பாளரின் நோக்கம்.

வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த நோக்கத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். இது ஹெண்ட்ரிக்ஸ் போட்ட ஆல்பம் இல்லை. அவர் இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றே மூன்று. அப்புறம் 1970-ல் 'பேண்ட் ஆஃப் ஜிப்ஸிஸ்' என்ற மேடைப் பதிவு. அதே வருடம் செப்டம்பர் 18-ம் தேதி லண்டனில் இறந்துவிட்டார். வயது 27. ஆனால் ஸ்டுடியோவில் டேப் ஓடிக்கொண்டே இருக்க, இரவு முழுக்க வாசிக்கிற பழக்கம் உள்ளவர் என்பதால், விட்டுப்போன டேப்புகள் மலை போலக் குவிந்து கிடந்தன. அந்த மலையைப் பல வருடம் கையில் வைத்திருந்தவர் ஆலன் டக்ளஸ் என்ற தயாரிப்பாளர். 1975-ல் 'க்ராஷ் லேண்டிங்' ஆல்பத்துக்காக, ஹெண்ட்ரிக்ஸோடு வாசித்த பழைய ஆட்களின் ட்ரம்ஸையும், கீழ்ச் சுரங்களை வாசிக்கும் பாஸ் கிடாரையும் அழித்துவிட்டுக் கூலிக்கு வந்த கலைஞர்களை வைத்துப் புதிதாக வாசிக்கச் சொல்லி ஒட்டினார். ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்காத வேலை அது. அதனால் இந்தத் தொகுப்பில் அவர் பெயரைப் பார்த்தாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். நல்லவேளை, இதில் அந்தச் சேட்டை இல்லை. ஆனால் கத்திரிக்கோலை மட்டும் அவரால் கீழே வைக்க முடியவில்லை. அதையும் சொல்கிறேன்.

ஹெண்ட்ரிக்ஸ் பிறந்தது 1942 நவம்பர் 27, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில். வறுமையான வீடு. அப்பா அம்மா பிரிந்துவிட்டார்கள், அம்மா சீக்கிரமே செத்துப்போனார். பையன் துடைப்பத்தைக் கிடாராகப் பிடித்துக்கொண்டு திரிந்தான். பிறகு யாரோ தூக்கிப் போட்ட குப்பையில் ஒரே ஒரு கம்பி மட்டும் மிஞ்சியிருந்த உகுலேலே ஒன்று கிடைத்தது. அந்த ஒற்றைக் கம்பியில்தான் முதல் பாடம். அப்புறம் 5 டாலருக்கு ஒரு பழைய கிடார். அது வலது கைக்காரர்களுக்கானது. பையனுக்கோ இடது கை.

இடது கையால் வாசிப்பது அப்பா ஆல் ஹெண்ட்ரிக்ஸுக்குப் பிடிக்காது, அது சைத்தான் வேலை என்று நினைத்தார் என்று ஜிமியின் தம்பி சொல்லியிருக்கிறார். அப்பா அறைக்குள் வந்தால் ஜிமி சட்டென்று கிடாரைத் திருப்பி வலது கையால் வாசிப்பாராம். அவர் போனதும் மறுபடி இடது கை. இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நானும் நொட்டாங்கைதான். கடைக்காரர் மிட்டாய் நீட்டினால்கூட அப்பத்தா தலையில் தட்டி, "சோத்தாங்கையால வாங்குடா" என்பார். சோற்றுக்கும் எழுத்துக்கும் வலது கை பழகிவிட்டது, கிடாருக்கு மட்டும் பழகவில்லை. இசைக்கருவி விற்கும் ஒரு கடையில் லெஃப்ட் ஹேண்ட் கிடார் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "அப்படியெல்லாம் வராதுங்க, ரைட்ல பழகிக்கங்க" என்றார்கள். ஆகவே இந்த விமர்சனத்தில் இடது கை விவகாரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெண்ட்ரிக்ஸ் செய்தது இதுதான். வலது கைக்காரர்களுக்கான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு கம்பிகளைக் கழற்றி, தடித்த கம்பி மேலே வருகிற மாதிரி மாற்றிக் கட்டினார். பார்க்க எளிய வேலை. ஆனால் கிடார் ஒரு பக்கத்துக்காகச் செய்த பொருள், திருப்பினால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் (கம்பிகளின் கீழ்முனையைத் தாங்கும் பாகம்) பக்கம் இருக்கிற பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பட்டை, சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். மெல்லிய கம்பிகளின் ஒலியை பிரிட்ஜுக்கு நெருக்கத்தில் பிடித்து, கூர்மையாகக் கொடுப்பதற்காக அப்படி. திருப்பியதும் அந்தச் சாய்வு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. இப்போது தடித்த கம்பிகள் இறுக்கமாக, பளிச்சென்று கேட்கும். மெல்லிய கம்பிகளின் கீச்சு குறைந்து, ஒரு கனிவு வரும். ஒலியளவு குமிழ்களும் சுருதியை அசைக்கும் ட்ரெமலோ கம்பியும் மேல்பக்கம் வந்து, உள்ளங்கைக்கு அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். வாசித்துக்கொண்டே அவற்றைத் திருகலாம், ஆட்டலாம். போதாக்குறைக்குப் பெரும்பாலும் சுருதியை அரைக்கட்டை இறக்கி வைத்துக்கொள்வார். கம்பி தளர்ந்து, இழுக்க வசதியாக இருக்கும். கையும் பெரிய கை. கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலாக வளைத்து பாஸ் சுரத்தை அமுக்கிக்கொண்டு, மற்ற நான்கு விரல்களையும் இஷ்டத்துக்கு விளையாட விடுவார். ஒருவரே இரண்டு பேர் வாசிப்பது போல் கேட்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் கட்டைவிரல்.

இனி பாட்டுகள்.

முதல் பதிவு 'ஹியர் மை ட்ரெயின் எ கமின்'. 1967 டிசம்பரில் லண்டனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில், ஒரு ஆவணப்படத்துக்காக எடுத்தது. ட்ரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை, கரண்டும் இல்லை. பன்னிரண்டு கம்பி அக்கூஸ்டிக் கிடாரோடு ஒரு ஆள், அவ்வளவுதான். படத்தில் பார்த்தால் வெள்ளைப் பின்னணியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பிப்பார். கொஞ்சம் வாசித்ததும் நிறுத்திவிட்டு, பயந்துவிட்டேன், இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்பார். ஆறு மாதம் முன்னால் ஆயிரக்கணக்கான பேர் முன்னே கிடாரைக் கொளுத்திய அதே ஆள்!

மூன்று நிமிடம்தான் இருக்கும். ஆனால் இந்தத் தொகுப்புக்குக் கொடுக்கும் காசு இதற்கே சரியாகப் போய்விடும். கிடாரும் குரலும் ஒரே சுரத்தில் சேர்ந்தே நடக்கின்றன. கிடார் எங்கே முடிந்து முனகல் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. ரயிலடியில் காத்திருக்கிறவனின் பாட்டு. இந்த ஊரை விட்டுப் போகிறேன், பெரிய ஆளாகித் திரும்பி வந்து இந்த ஊரையே விலைக்கு வாங்குவேன் என்கிறான். ப்ளூஸின் தாய்வீடான மிசிசிப்பி டெல்டாவில் 1930-களில் பாடியவர்களின் வகையறா. தனக்குச் சியாட்டில், லண்டன் எல்லாம் அப்புறம்தான் என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

அடுத்தது 'பார்ன் அண்டர் எ பேட் ஸைன்'. இங்கே இன்னொரு நொட்டாங்கைக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாட்டை எழுதியவர்கள் வில்லியம் பெல்லும் புக்கர் டி. ஜோன்ஸும். 1967-ல் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் கம்பெனிக்காகப் பாடிப் பிரபலமாக்கியவர் ஆல்பர்ட் கிங். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு, ஒரு காலத்தில் புல்டோசர் ஓட்டியவர். கையில் அம்பு முனை போன்ற ஃப்ளையிங் வி கிடார், அதற்கு லூஸி என்று பெயர் வேறு. இவரும் வலது கைக் கிடாரைத் திருப்பித்தான் வாசித்தார். ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி கம்பிகளை மாற்றிக் கட்டவில்லை. மெல்லிய கம்பி மேலே, தடித்த கம்பி கீழே, அப்படியே விட்டுவிட்டார்.

இதனால் என்ன வித்தியாசம்? மற்றவர்கள் மெல்லிய கம்பியை விரலால் மேலே தள்ளி சுருதியை ஏற்றுவார்கள். கிங் அதே கம்பியைக் கீழே, தரையை நோக்கி இழுப்பார். தள்ளுவதைவிட இழுப்பதில் கைக்குப் பலம் அதிகம். வீணையில் ஒரே மெட்டில் கம்பியை இழுத்து இரண்டு மூன்று சுரம் எடுப்பது போல, ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எங்கெங்கோ போய்வருவார். கம்பியை மீட்டும் பிளெக்ட்ரம் துண்டும் கிடையாது, வெறும் கட்டைவிரல்தான். குறைவான சுரம், ஒவ்வொன்றிலும் நிறைய அழுத்தம்.

1968 பிப்ரவரியில் சான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஒரே மேடையில் இந்த இருவரும் வாசித்தார்கள். அவன் பாட்டை நான் வாசித்துவிடுவேன், என் பாட்டை அவனால் வாசிக்க முடியாது என்ற பொருளில் கிங் பிற்காலத்தில் பேசியிருக்கிறார். மூத்தவர், பேசட்டும். ஆனால் இந்தப் பதிவைக் கேட்டால் அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்றே தோன்றுகிறது. 1969 டிசம்பரில் பில்லி காக்ஸ் பாஸ், பட்டி மைல்ஸ் ட்ரம்ஸ் வாசிக்க, ஹெண்ட்ரிக்ஸ் பாடாமல் கிடாரில் மட்டும் ஏழு நிமிடம் அலைகிறார். கிங் ஒரு சுரத்தில் முடிக்கிற விஷயத்துக்கு இவர் பத்து சுரம் எடுத்துக்கொள்கிறார். சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிங்கின் மூலப் பதிவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிடாதீர்கள், பாவம்.

'ரெட் ஹவுஸ்' கதை வேறு. 1966 டிசம்பரில், அதாவது லண்டன் வந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில் பதிவானது. அவருடைய சொந்தப் பாட்டு. காதலியைப் பார்க்கப் போகிறான், சாவி பூட்டில் சேரவில்லை, அவள் வீட்டைக் காலி பண்ணிவிட்டாள். சரி, அவளுக்குப் பிடிக்காவிட்டால் அவள் தங்கைக்குப் பிடிக்கும் என்று கடைசியில் சமாதானம் செய்துகொள்கிறான். ப்ளூஸ் என்றாலே அழுகை என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி வரியின் குறும்பைக் கவனிக்க வேண்டும். பாஸ் வாசித்த நோயல் ரெட்டிங் இந்தப் பாட்டில் பாஸ் கிடாரையே தொடவில்லை. சாதாரண கிடார் ஒன்றில் கீழ்ச் சுரங்கள் தூக்கலாகக் கேட்கும்படி வைத்து வாசித்தார். அந்த மங்கலான, மரப்பெட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரியான அடிநாதம் அதனால்தான்.

இந்தப் பாட்டு இங்கிலாந்தில் வந்த முதல் ஆல்பத்தில் இருந்தது, அமெரிக்கப் பதிப்பில் தூக்கிவிட்டார்கள். அமெரிக்கர்களுக்கு ப்ளூஸ் பிடிக்காது என்று கம்பெனி நினைத்ததாகச் சொல்வார்கள். ப்ளூஸ் பிறந்த ஊரிலேயே! பிறகு 1969-ல் அமெரிக்காவில் வந்த ஹிட் தொகுப்பில் வேறொரு டேக்கைப் போட்டார்கள். இந்த 'ப்ளூஸ்' ஆல்பத்தில் இருப்பது இங்கிலாந்துப் பதிப்பு. ஒருமுறை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்திலேயே மெல்லிய கம்பிகளில் நடுங்கிக்கொண்டு ஒரு சிறு வரிசை வரும். அது முடிந்து ட்ரம்ஸ் நுழைகிற இடத்தில் கிடார் ஒரு நொடி பின்தங்கி, பிறகு சாவகாசமாக வந்து சேரும். அவசரமே இல்லாத 24 வயது.

'கேட்ஃபிஷ் ப்ளூஸ்' 1967 நவம்பரில் நெதர்லாந்து டிவிக்காக வாசித்தது. 1941-ல் ராபர்ட் பெட்வே பதிவு செய்த பாட்டு, ப்ளூஸ் ஜாம்பவான் மடி வாட்டர்ஸ் கைக்குப் போய் 1950-ல் 'ரோலிங் ஸ்டோன்' ஆனது, அங்கிருந்து ஹெண்ட்ரிக்ஸுக்கு வந்தது. நடுவில் மிட்ச் மிட்செல் ஒரு ட்ரம் சோலோ அடிக்கிறார். எனக்கு ட்ரம் சோலோ என்றாலே எழுந்து காபி போடத் தோன்றும், இதிலும் அப்படியே.

இப்போது கத்திரிக்கோல் விவகாரம். 1968 மே 2, நியூயார்க் ரெக்கார்ட் பிளாண்ட் ஸ்டுடியோ. பக்கத்து கிளப்பிலிருந்து ஹெண்ட்ரிக்ஸ் ஒரு கூட்டத்தையே அழைத்து வந்துவிட்டார். கூட்டத்தைப் பார்த்துக் கடுப்பான ரெட்டிங் ஏற்கெனவே வெளியேறியிருந்தார். ஆர்கனில் ஸ்டீவ் வின்வுட், பாஸில் ஜெஃபர்ஸன் ஏர்ப்ளேன் குழுவின் ஜாக் கஸாடி, ட்ரம்ஸில் மிட்செல். மூன்று டேக் எடுத்தார்கள். மூன்றாவதுதான் 'எலெக்ட்ரிக் லேடிலேண்ட்' ஆல்பத்தில் வந்த, 15 நிமிடம் ஓடுகிற புகழ்பெற்ற 'வூடூ சைல்'. முதல் டேக்கில் எல்லோருக்கும் பாட்டைக் கற்றுக்கொடுக்கிறார். இரண்டாவதில் கம்பி அறுந்துவிட்டது. அந்த முதல் இரண்டையும் வெட்டி ஒட்டி இங்கே 'வூடூ சைல் ப்ளூஸ்' என்று ஒரே பாட்டாகக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒட்டு தெரியவே தெரியாது, அவ்வளவு சுத்தமான வேலை. என் புகாரே அதுதான். ஒருவர் மற்ற மூவருக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பது, தடுமாறுவது, ஆர்கன்காரர் மெல்லப் பிடித்துக்கொள்வது, நடுவில் கம்பி அறுவது, இதெல்லாம் கேட்கக் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! அதை மறைத்து, நடக்காத ஒரு கச்சேரியை நடந்த மாதிரி காட்டுகிறார்கள். மடி வாட்டர்ஸ் 1955-ல் கொடுத்த 'மேனிஷ் பாய்' பாட்டுக்கும் இதே கதிதான், பல டேக்குகளின் ஒட்டு. ஆனால் இது மோசமில்லை. மடியின் பாட்டில் ஒரே அடி திரும்பத் திரும்ப விழும், மிரட்டலாக இருக்கும். ஹெண்ட்ரிக்ஸ் அதைத் துள்ளலாக்கி, வாயாலும் கிடாராலும் ஒரே நேரத்தில் சுரம் போட்டுக்கொண்டே போகிறார். ஆட்டம் போட வைக்கிற ப்ளூஸ்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 'ஒன்ஸ் ஐ ஹேட் எ வுமன்' பாதி வழியில் தொய்ந்துவிடுகிறது. மவுத் ஆர்கன் கொஞ்சம் கைகொடுக்கிறது. எல்மோர் ஜேம்ஸின் 'ப்ளீடிங் ஹார்ட்' கச்சிதம். 'ஜெல்லி 292' வெறும் ஜாம், அதாவது திட்டமில்லாமல் கூடி வாசித்தது, இரவு இரண்டு மணிக்கு ஸ்டுடியோவில் இருந்தவர்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். 'எலெக்ட்ரிக் சர்ச் ரெட் ஹவுஸ்' என்பது அதே 'ரெட் ஹவுஸ்' பாட்டின் 1968 ஹாலிவுட் பதிவு, லீ மைக்கேல்ஸின் ஆர்கனோடு. முதல் ஆல்பத்துப் பதிவு ஒரு சின்ன அறை என்றால் இதில் சுவர்களே இல்லை. எனக்கு அறைதான் பிடிக்கிறது.

சரி, தயாரிப்பாளரின் நோக்கம் பற்றி ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். பகட்டு ஒரு பக்கம், ப்ளூஸ் ஒரு பக்கம், பகட்டை நீக்கினால் ப்ளூஸ் மிஞ்சும் என்பது இந்த ஆல்பத்தின் கணக்கு. ப்ளூஸ்காரர் என்றால் கண்ணை மூடி, அசையாமல், துயரமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பது ரொம்பப் பின்னால் வந்த நினைப்பு. டெல்டாவின் ஆதி ஆட்களில் ஒருவரான சார்லி பேட்டன் தலைக்குப் பின்னால் கிடாரை வைத்து வாசித்தவர். 1940-களில் டெக்ஸஸ்காரர் டி-போன் வாக்கர் அதையே செய்துகொண்டு, காலை இரண்டு பக்கமும் அகலப் பரப்பித் தரையில் உட்காருவார். 1950-களில் நியூ ஆர்லியன்ஸின் கிடார் ஸ்லிம் கண்ணைப் பறிக்கும் கலரில் சூட் போட்டு, தலைமுடிக்கும் அதே கலர் அடித்துக்கொண்டு, நீளமான கேபிளை இழுத்தபடி கிளப்பிலிருந்து தெருவுக்கே நடந்து போய் வாசிப்பார். அவரைப் பார்த்துத்தான் பட்டி கை (Buddy Guy) என்ற ப்ளூஸ் கிடார்காரர் அந்த வித்தையைப் பிடித்தார். 1968-ல் நியூயார்க்கில் பட்டி கை வாசித்தபோது, மேடைக்கு முன்னால் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்து பதிவு செய்துகொண்டிருந்தவர் ஹெண்ட்ரிக்ஸ். அந்தக் காட்சி படமாகவே இருக்கிறது.

ஹெண்ட்ரிக்ஸ் இதையெல்லாம் கற்ற பள்ளிக்கூடம் 'சிட்லின் சர்க்யூட்'. இனப்பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில், கறுப்பின மக்கள் பயமில்லாமல் போய் உட்காரக்கூடிய கிளப்புகளும் தியேட்டர்களும் தென்மாநிலங்களில் வரிசையாக இருந்தன. ராணுவத்தில் பாரசூட் வீரராகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 1962-ல் வெளியே வந்ததும், அங்கே பழக்கமான பில்லி காக்ஸோடு நாஷ்வில் பக்கம் வாசிக்கப் போனார். அங்கே வருகிற கூட்டம் வாரம் முழுக்க முதுகொடிய வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ராத்திரி காசு கொடுத்து வருகிற கூட்டம். நின்ற இடத்திலேயே நின்று வாசித்தால் கூச்சல் போட்டே மேடையை விட்டு இறக்கிவிடுவார்கள். டென்னிஸியில் ஒரு ஊரில் பல்லால் வாசிக்காவிட்டால் சுட்டுவிடுவார்கள் என்று அவரே பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 1964, 65-ல் ஐஸ்லி பிரதர்ஸ், லிட்டில் ரிச்சர்ட் ஆகியோருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார். லிட்டில் ரிச்சர்டிடம் பெரிய ஒரு பிரச்சினை, முதலாளியைவிடப் பளபளப்பாக உடுத்தக் கூடாது. இவருக்கோ அது மட்டும் வராது.

1966 செப்டம்பரில் லண்டன் வந்து ஒரு வாரத்தில் க்ரீம் என்ற ராக் குழுவின் கச்சேரியில் மேடையேறினார். அந்தக் குழுவின் கிடார்காரர் எரிக் கிளாப்டன் பக்கத்தில் நின்று அவர் வாசித்தது ஹவ்லின் வுல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்'. கிளாப்டன் அசந்துபோய் வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஒன்பது மாதம் கழித்து மான்டரேயில், கிடாரைக் கொளுத்திய அந்த ராத்திரி, அவர் தொடங்கிய முதல் பாட்டு எது தெரியுமா? அதே 'கில்லிங் ஃப்ளோர்' தான். நடுவில் பி.பி. கிங்கின் 'ராக் மீ பேபி' வேறு. ஆகக்கூடி அந்த போட்டோவே ஒரு ப்ளூஸ் கச்சேரியின் போட்டோ. அந்த இரண்டு பாட்டும் இந்த ஆல்பத்தில் இல்லாதது எனக்குப் பெரிய குறை. தொகுத்தவருக்கு அந்த மேடையைத் தொடக் கூச்சமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கூச்சத்தை மீறி ஒன்று உள்ளே வந்துவிட்டது, ஆல்பத்தின் கடைசிப் பதிவாக. முதலில் அக்கூஸ்டிக்கில் கேட்ட அதே 'ஹியர் மை ட்ரெயின் எ கமின்', இப்போது 1970 மே 30, பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டர் மேடையில். பன்னிரண்டு நிமிடம். பில்லி காக்ஸும் மிட்செலும் பின்னால். மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களின் முழு உறுமல். (அவருடைய முழுப்பெயர் ஜேம்ஸ் மார்ஷல் ஹெண்ட்ரிக்ஸ், ஆம்ப் செய்தவரின் பெயரும் ஜேம்ஸ் மார்ஷல். வேண்டுமென்று வைத்தது போல் இல்லை?) காலடியில் ஒலியை 'வா வா' என்று பேச வைக்கும் வா-வா பெடல், கரகரப்பாக்கும் ஃபஸ், ஜப்பானில் செய்த யூனி-வைப் என்ற பெட்டி. அந்தப் பெட்டி ஒலியைத் தண்ணீருக்குள் அமுக்கி எடுப்பது போல அலைய விடும்.

ஆரம்பத்தில் நிதானமாகப் பாடுகிறார். வரியை முடித்ததும் கிடார் பதில் சொல்கிறது. ரயிலுக்குக் காத்திருந்தவனின் கதையே இங்கேயும். ஆனால் அக்கூஸ்டிக்கில் அவன் தனியாக இருந்தான். இங்கே பாதி வழியில் ஒரு சுரத்தைப் பிடித்து, ஃபீட்பேக்கில் (ஆம்ப்பின் ஒலியே கம்பியைத் திரும்ப அதிர வைப்பது) அது தானாகக் கூவ ஆரம்பிக்கும்வரை விட்டுவைத்து, ட்ரெமலோ கம்பியால் அதைக் கீழே தள்ளி, மறுபடி மேலே ஏற்றி, கூட்டம் கத்தக் கத்த இன்னும் ஒரு சுற்று போகிறார். உடம்பு இல்லாமல் இந்த ஒலி வராது. தோளைச் சாய்த்து ஆம்ப் பக்கம் திரும்பினால்தான் ஃபீட்பேக் அந்தச் சுருதியில் நிற்கும். மேல்பக்கம் வந்துவிட்ட குமிழையும் ட்ரெமலோ கம்பியையும் உள்ளங்கை தேட வேண்டும். வித்தை என்று ஒதுக்குகிறார்களே, அந்த அசைவுகளில் பாதி இந்த ஒலியை எடுப்பதற்கான வேலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர் எங்கே குனிகிறார், எங்கே நிமிர்கிறார் என்று தெரிகிறது. இந்தப் பதிவு முதலில் 1971-ல் 'ரெயின்போ பிரிட்ஜ்' ஆல்பத்தில் வந்தது, ஆனால் அதே பாட்டின் அக்கூஸ்டிக் வடிவத்தில் தொடங்கி இதில் முடிப்பது என்று வைத்தது டக்ளஸ் செய்த ஒரே மேதைத்தனம். திட்டிய வாயாலேயே பாராட்டிவிடுகிறேன்.

எந்தப் பதிப்பை வாங்குவது? 1990-களின் நடுவில் உரிமை ஹெண்ட்ரிக்ஸ் குடும்பத்துக்குத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளிலும் பாட்டு வரிசை மாறவில்லை. 2010-ல் வந்ததில் ஒரு சிறு ஆவணப்படம் டிவிடியும் சேர்ந்தது, அது நன்றாகவே இருக்கிறது. எல்பியில் இரண்டு தட்டு. நீளமான ஆல்பம் என்பதால் நடுநடுவே எழுந்து தட்டைத் திருப்புவது இதற்கு நல்லதே, காதுக்கு ஓய்வு. சிடியில் ஒரே மூச்சாகக் கேட்டால் 'ஜெல்லி' வரும்போது அலுப்பு தட்டும். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்கள் முதல் பாட்டு, மூன்றாவது பாட்டு, ஐந்தாவது, கடைசி என்று நான்கை மட்டும் ஒரு வரிசையாகப் போட்டுக்கொண்டாலே போதும். கூடவே ஆல்பர்ட் கிங்கின் 1967 ஆல்பத்தைத் தனியாக வேறொரு நாள் கேளுங்கள். ஒரே நாளில் வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

லெஃப்ட் ஹேண்ட் பையனோ பெண்ணோ வீட்டில் கிடார் கேட்டுக் கொண்டிருந்தால் ஒரு தகவல்: வலது கைக் கிடாரைத் திருப்பிக் கட்டினால் மட்டும் போதாது, நட்டையும், அதாவது கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள சின்னப் பட்டையையும், மாற்ற வேண்டும். தடித்த கம்பிக்கான பள்ளத்தில் மெல்லிய கம்பி ஆடும், மெல்லிய கம்பிக்கான பள்ளத்தில் தடித்தது உட்காராது. கிடார் ரிப்பேர் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் செய்துகொடுப்பார்.